அணையை மட்டும் பார்த்தால் போதுமா? தாமிரபரணிக் கடைமடை ஊர்களின் வெள்ளக் கணக்கு

ஆத்தங்கரை எழுதியது:

மழைக்காலம் தொடங்க இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. அதற்குள் ஒரு விஷயத்தை இங்கே பேசி ஒரு முடிவுக்கு வந்துவிட வேண்டும். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டம் ஏரலுக்குப் பக்கம். 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து விடாத மழை. பகல் முழுக்க நாங்கள் செல்போனில் பார்த்தது ஒன்றே ஒன்றுதான்: மேலே மலையடியில் இருக்கிற பாபநாசம் அணை எத்தனை அடி, மணிமுத்தாறு அணை எத்தனை அடி, விநாடிக்கு எத்தனை ஆயிரம் கன அடி திறந்திருக்கிறார்கள். முழுக் கொள்ளளவு பாபநாசத்துக்கு 143 அடி, மணிமுத்தாறுக்கு 118 அடி என்பதெல்லாம் எங்கள் பக்கம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரியும். இருட்டின பிறகு நாலு பேர் டார்ச்சோடு போய்ப் படித்துறையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வந்தது ஆற்றுப் பக்கமிருந்து இல்லை. முதுகுப் பக்கமிருந்து, குளத்து வழியாக வந்தது. நாங்கள் ஆற்றைப் பார்த்து நின்றுகொண்டிருந்த நேரத்தில் வீட்டில் அம்மா கட்டில் மேல் ஏறி நின்றிருக்கிறார். ஆறு கரை தாண்டியது அதற்கப்புறம்தான்.

மைக் கட்டிய வண்டி வந்தது உண்மை. ஆனால் மெயின் ரோட்டோடு திரும்பிவிட்டது. கரையோர மக்கள் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்று சொன்னார்கள். எங்கள் தெரு ஆற்றிலிருந்து அரை கிலோமீட்டர். எங்களைக் கரையோரம் என்று நாங்கள் நினைத்ததே இல்லை.

அந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. இந்த மூன்று ஊரும் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். எல்லாம் அணைகளுக்கு வெகு கீழே, கடலுக்குப் பக்கத்தில். மழை எங்கள் தலைக்கு மேலேயே கொட்டியது, நாங்கள் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இந்த வருஷம் எங்கள் தெரு ஆட்கள் சேர்ந்து மூன்று இடத்தில் கோடு போடலாம் என்றிருக்கிறோம். ஆற்றுப் படித்துறை, குளத்து மறுகால் (குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிகிற இடம்), தெரு முனையில் உள்ள மின்கம்பம். ஒவ்வொன்றையும் யார் பார்ப்பது, எந்தக் கோட்டில் யாரை எழுப்புவது என்று எழுதி வைக்க வேண்டும். இது சரியான வழிதானா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அளவுகோல் எழுதியது:

தம்பி, நான் பல வருஷம் ஆற்றில் மட்டம் எடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நீங்கள் சொன்னதை ஒரு கணக்காகப் போட்டுக் காட்டுகிறேன்.

ஒரு சதுர கிலோமீட்டரில் 1 செ.மீ. மழை பெய்தால் 1 கோடி லிட்டர் தண்ணீர். இப்போது ஸ்ரீவைகுண்டத்தைச் சுற்றிக் கடல் வரைக்கும் ஒரு 300 சதுர கிலோமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரியாக 60 செ.மீ. என்று வைத்தால் 18,000 கோடி லிட்டர். டி.எம்.சி.யில் (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) சொன்னால் 6-க்கு மேல். பாபநாசம் அணை முழுக்க நிரம்பினாலே சுமார் 5.5 டி.எம்.சி.தான். அதாவது ஒரு பாபநாசம் அணையை அப்படியே உங்கள் வயல்காட்டில் கவிழ்த்த மாதிரி. அந்தத் தண்ணீர் எந்த ஷட்டரையும் தாண்டி வரவில்லை. அதனால் எந்த அறிவிப்பிலும் அது கணக்கில் வராது.

இன்னொன்று. சீவலப்பேரியில் சிற்றாறு வந்து கலக்கிறதே, அதை யாரும் பேசுவதில்லை. தென்காசிப் பக்கம் பெய்கிற மழை அதன் வழியாக வருகிறது. அந்த வெள்ளத்தைப் பிடித்து நிறுத்துகிற மாதிரிப் பெரிய அணை அதில் கிடையாது. பாபநாசத்தில் எத்தனை கன அடி என்று பார்த்துவிட்டு ஏரலில் நிம்மதியாகத் தூங்க முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு பற்றியும் பலருக்குத் தப்பான எண்ணம் இருக்கிறது. ஆற்றில் உள்ள எட்டு அணைக்கட்டுகளில் அது கடைசி. வாய்க்காலுக்குத் தண்ணீர் திருப்பக் கட்டியது. வெள்ளத்தைத் தேக்கி வைக்கிற வேலை அதற்கு இல்லை, தண்ணீர் அதன் தலைக்கு மேலேயே ஏறிப் போய்விடும்.

கோடு போடுவது மிக நல்ல வேலை. நம் பக்கம் இது புதிதும் இல்லை. திருநெல்வேலிக்காரர்கள் இன்றைக்கும் வெள்ளத்தைக் குறுக்குத்துறை முருகன் கோயிலை வைத்துத்தான் சொல்வார்கள். மண்டபத்தில் எவ்வளவு, கோபுரத்தில் எவ்வளவு என்று கேட்டாலே போதும், யாருக்கும் கன அடி தேவைப்படாது. ஆற்றுக்குள் இருக்கிற கோயில் அது, தண்ணீர் ஏறினால் உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். உங்கள் ஊரில் அப்படி எல்லார் கண்ணிலும் படுகிற ஒரு கல் எது என்று முதலில் தேடுங்கள்.

பெண்ணைக்கரை எழுதியது:

நான் கடலூர், குண்டு உப்பலவாடிப் பக்கம். அண்ணே, உங்கள் ஆற்றுக்கு நீங்கள் சொல்வது சரி. ஆனால் அணையைப் பார்க்க வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. எங்களுக்கு நடந்தது நேர் எதிர்.

ஃபெங்கல் புயல் 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரிப் பக்கம் கரையேறியது. மயிலத்தில் 50 செ.மீ. மழை. மறுநாள் எங்கள் ஊரில் மழை குறைந்துவிட்டது. தப்பித்தோம் என்று ஈரத்துணியை உலர்த்த ஆரம்பித்தோம். புயல் உள்ளே நகர்ந்து ஊத்தங்கரையில் இன்னொரு 50 செ.மீ. கொட்டியது எங்களுக்குத் தெரியாது. அந்தத் தண்ணீர் எங்கள் தென்பெண்ணையாற்றின் மேலே உள்ள சாத்தனூர் அணைக்கு வந்தது. 119 அடி அணை, ஏற்கெனவே ஏறக்குறைய நிரம்பி இருந்தது. டிசம்பர் 2 விடிவதற்குள் திறப்பு 1,68,000 கன அடிக்குப் போனது. நாணமேடு, உச்சிமேடு, கண்டக்காடு எல்லாம் தண்ணீருக்குள்.

எச்சரிக்கை ஐந்து முறை கொடுத்ததாக அரசு சொன்னது, எங்களுக்குச் சரியாக வந்து சேரவில்லை என்று மக்கள் சொன்னார்கள். அந்தச் சண்டைக்கு நான் போகவில்லை. என் கைப்பேசிக்கும் ஒரு செய்தி வந்தது. அதில் இருந்த எண்ணைப் படித்தேன். அது என் வீட்டு வாசலுக்கு எத்தனை அடி என்று எனக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கும் தெரியவில்லை. இருபத்தைந்தாயிரம் என்றால் என்ன, ஒன்றரை லட்சம் என்றால் என்ன? இரண்டுமே பெரிய எண். காலையில் மாட்டுக் கொட்டகைக் கூரைதான் தெரிந்தது.

ஆத்தங்கரை எழுதியது:

தம்பி, மனசு கனத்துப் போய்விட்டது. அணையைப் பார்க்க வேண்டாம் என்பது என் கருத்து இல்லை. அணை, குளம், தலைக்கு மேல் மழை, இந்த மூன்றில் எது வந்தாலும் எங்கள் தெருவில் அதற்கு ஒரு கோடு இருக்க வேண்டும் என்பதுதான். நீங்கள் சொன்ன அந்த வாசல் கணக்கைத்தான் நானும் தேடுகிறேன். அளவுகோல் ஐயா, 1,68,000 கன அடி என்றால் எங்கள் படித்துறையில் எந்தப் படி என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

கொண்டல் எழுதியது:

புன்னக்காயல் பக்கத்து ஆள் நான். ஆறு கடலில் சேருகிற இடத்தைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன்.

வெள்ளம் வடிய வேண்டுமானால் கடல் வாங்கிக்கொள்ள வேண்டும். கொண்டல் காற்று, அதாவது கிழக்குக் காற்று, நாலு நாள் அடித்தால் கடல் கரையோரம் தூக்கிக்கொண்டு நிற்கும், முகத்துவாரத்தில் ஆற்றுத் தண்ணீர் தேங்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏத்தம் அதிகம். நம் கடற்கரையில் ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர்கூட வராதுதான். ஆனால் எங்கள் மாதிரித் தட்டையான ஊரில் ஒரு முழம் போதும். 2023-இல் வெள்ளம் வந்தது அமாவாசை கழிந்து ஐந்தாம் நாள். கடல் அவ்வளவு ஏறாத நாள். அதே மழை ஐந்து நாள் முன்னால் பெய்திருந்தால் எங்கள் நிலைமையை நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது. அதனால் உங்கள் தாளில் கன அடியோடு திதியையும் எழுதிக்கொள்ளுங்கள். நாள்காட்டியைப் பார்த்தாலே தெரிந்துவிடும், அதற்கு இன்டர்நெட் வேண்டாம்.

அப்புறம் படகு விஷயம். அந்த வெள்ளத்தில் மீனவர்கள் படகோடு ஊருக்குள் வந்து ஆட்களை மீட்டார்கள், எல்லாருக்கும் தெரியும். எங்கள் ஆட்களுக்குக் கடல் தெரியும், உங்கள் தெரு தெரியாது. தண்ணீருக்கு அடியில் எங்கே முள்வேலி, எங்கே கிணறு, எங்கே கம்பி தாழ்ந்து கிடக்கிறது என்று தெரியாமல் இன்ஜினைப் போட்டால் விசிறியில் உடைமரம் சிக்கிக்கொள்ளும். படகு உள்ளே போகிறபோது அந்த ஊர் ஆள் ஒருவர் முன்னால் உட்கார்ந்து கையைக் காட்டிக்கொண்டே வர வேண்டும். அவர் யார் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். படகு வந்தபிறகு தேடாதீர்கள்.

மட்டுவாவி எழுதியது:

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். கொண்டல் அண்ணா சொன்ன முகத்துவாரம் எங்களுக்குப் பெரிய கதை.

எங்கட வாவி பாலமீன்மடுவில் கடலோடு சேரும். மழை இல்லாத காலத்தில் அலை மணலைக் கொண்டுவந்து வாயை அடைத்துவிடும். மாரியில் வாவி நிரம்பி ஏற ஏற, முகத்துவாரத்தை வெட்டிவிட வேண்டும் என்ற கதை தொடங்கும். வயல்காரர் சீக்கிரம் வெட்டச் சொல்வார்கள், இல்லாவிட்டால் வேளாண்மை அழுகிப்போகும். மீன்பிடிக்கிற ஆட்கள் பொறுக்கச் சொல்வார்கள், வெட்டினால் றாலும் மீன்குஞ்சும் கடலுக்குப் போய்விடும். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. வாவி எந்த மட்டத்துக்கு வந்தால் வெட்டுவது என்பதை மழைக்கு முந்தியே இரண்டு பகுதியும் இருந்து பேசி ஒத்துக்கொண்டால்தான் அந்த நேரத்தில் சண்டை வராது. 2011 ஜனவரி வெள்ளத்தில் கனபேர் பள்ளிக்கூடங்களில் நாட்கணக்கில் இருந்தார்கள். அதைக் கண்டவர்களுக்கு ஒரு நாள் பிந்தினால் என்ன நடக்கும் என்று விளங்கும்.

உங்கள் குளத்துக் கோட்டையும் அப்படித்தான், மேல்குளத்துக்காரரையும் வைத்துக்கொண்டு போடுங்கள். அவர்கள் கலுங்கை (நீங்கள் மறுகால் என்கிறதை) திறந்தால் உங்களுக்குத்தானே வரும்.

வயல்வெளி எழுதியது:

எல்லாரும் ஆமாம் ஆமாம் என்கிறீர்கள். எனக்கு ஒரு பயம் இருக்கிறது, அதைச் சொல்லியாக வேண்டும்.

வெள்ளத்தன்று ராத்திரி எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. அணை உடைந்துவிட்டது, இன்னும் ஒரு மணி நேரத்தில் ஊரே இருக்காது என்று யாரோ அழுதுகொண்டே பேசியிருந்தார். அணை எதுவும் உடையவில்லை. ஆனால் அதைக் கேட்டுவிட்டு எங்கள் பக்கத்து வீட்டுக் குடும்பம், கைக்குழந்தையோடு, நல்ல மாடி வீட்டை விட்டு இறங்கி இருட்டில் ரோட்டுக்கு ஓடியது. ரோட்டில்தான் இழுப்பு அதிகம். கடவுள் புண்ணியத்தில் ஒரு மரத்தைப் பிடித்து நின்று பிழைத்தார்கள்.

தெருவுக்குத் தெரு ஆட்கள் மட்டம் பார்த்துச் செய்தி அனுப்ப ஆரம்பித்தால் இந்த மாதிரிப் பதிவு பத்தாகும், நூறாகும். அரசு சொல்வதை மட்டும் கேட்பது நல்லது என்று நினைக்கிறேன். தப்பாகச் சொல்லி ஒரு உயிர் போனால் யார் பொறுப்பு?

ஆத்தங்கரை எழுதியது:

அண்ணாச்சி, உங்கள் பயம் நியாயமானது. நான் அதை லேசாக எடுக்கவில்லை. ஆனால் அந்த வதந்தி ஏன் அவ்வளவு வேகமாகப் பரவியது? அன்றைக்கு ராத்திரி யாருக்கும் வேறு செய்தியே இல்லை. டவர் போய், கரண்ட் போய், போனில் கடைசியாக வந்து நின்றது அந்தக் குரல்தான். குளத்து மறுகாலில் இரண்டாவது கோடு, இதோ நான் நின்று பார்க்கிறேன் என்று தெரிந்த குரல் ஒன்று சொல்லியிருந்தால் அந்தக் குடும்பம் மாடியை விட்டு இறங்கியிருக்காது.

ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்வது. எந்தக் கோடு, எத்தனை மணி, பார்த்தவர் யார். வரும், போகும், உடையும் என்ற பேச்சே கூடாது. மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-க்கும் அதையே சொல்லலாம், அவர்களுக்கும் உதவும்.

வயல்வெளி எழுதியது:

பார்த்தவர் பெயரோடு என்றால் எனக்குச் சம்மதம். பெயர் இல்லாமல் ஒரு செய்திகூடப் போகக் கூடாது.

செவிலி எழுதியது:

கிராம சுகாதார செவிலியராக இருக்கிறேன். தண்ணீர் எங்கே இருக்கிறது என்பதை நீங்கள் பார்க்கிறீர்கள், ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதை நான் சொல்கிறேன்.

எங்கள் கையில் இருக்கிற கர்ப்பிணிகள் பதிவேட்டில் மாதம் வாரியாகப் பெயர் இருக்கும். நவம்பர், டிசம்பரில் பிரசவத் தேதி உள்ளவர்களை மழை எச்சரிக்கை வந்த அன்றே, முதல் கோட்டுக்கும் முன்னால், ஆஸ்பத்திரிப் பக்கம் அனுப்பிவிட வேண்டும். டயாலிசிஸ் செய்கிறவர்களுக்கு வாரம் இரண்டு மூன்று தடவை போயாக வேண்டும், ரோடு துண்டித்தால் அவர்களுக்கு நாள் கணக்குத்தான். இன்சுலின் வைத்திருப்பவர்கள், படுக்கையில் இருப்பவர்கள், காது கேட்காதவர்கள். எங்கள் ஊரில் தனியாக இருக்கிற ஒரு பாட்டிக்குக் காது சுத்தமாகக் கேட்காது. மைக்கில் எத்தனை தடவை சொன்னாலும் அவருக்கு எதுவும் நடக்கவில்லை. ஒரு ஆள் போய்த் தோளைத் தொட வேண்டும். அப்படித் தொட வேண்டியவர்கள் எங்கள் ஊரில் 14 பேர். உங்கள் தெருவில் எண்ணிப் பாருங்கள்.

ஆட்கள் ஏன் கிளம்ப மாட்டேன் என்கிறார்கள் தெரியுமா? நான் கேட்டவரைக்கும் ஆடுமாடும், வீட்டுச் சாமானும்தான். திருட்டுப் போய்விடும் என்று பயம். மாட்டை எங்கே கட்டுவது என்பதற்குப் பதில் இல்லாமல் அவர்களை அழைத்தால் வர மாட்டார்கள். மேட்டில் ஒரு இடத்தைக் கால்நடைக்கு என்று முன்னாலேயே சொல்லி வையுங்கள். நேரம் இல்லை என்றால் கயிற்றை அவிழ்த்துவிட்டு வரச் சொல்லுங்கள், கட்டிப்போட்ட மாடுதான் சாகும். பெண்கள் முகாமுக்கு வரத் தயங்குவது கழிப்பறையால். பள்ளிக்கூடத்துச் சாவி யாரிடம், கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, விளக்கு எரிகிறதா என்று இன்றைக்கே போய்ப் பார்க்கலாமே.

தண்ணீர் வடிந்தபிறகு கிணற்றையும் தொட்டியையும் முதலில் சேறு போக இறைத்துவிட்டு, 1,000 லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் 2.5 கிராம் கணக்கில் கரைத்து ஊற்றி ஒரு மணி நேரம் விட வேண்டும். காலில் புண்ணோடு வெள்ளத்தில் நடந்தவர்களுக்குப் பிறகு காய்ச்சல் வந்தால் சாதாரணக் காய்ச்சல் என்று இருந்துவிடாதீர்கள், எலிக்காய்ச்சலாக இருக்கலாம். வந்து காட்டுங்கள்.

பெண்ணைக்கரை எழுதியது:

அக்கா, இந்தப் பதிவை அப்படியே அச்சடித்து எங்கள் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப் போகிறேன். எங்கள் கொட்டகையில் நாலும் கட்டிப்போட்டுத்தான் இருந்தன.

சின்னக்குளம் எழுதியது:

நான் டிப்ளமோ இரண்டாம் வருஷம். பாலத்தில் ஒரு சென்சார் பொருத்தினால் தண்ணீர் மட்டத்தைத் தானாகவே போனுக்கு அனுப்புமே. செய்து பார்க்கலாமா?

அளவுகோல் எழுதியது:

செய் தம்பி, கட்டாயம் செய். ஆனால் பக்கத்திலேயே பெயிண்டில் ஒரு அளவுப் பலகையும் இருக்கட்டும். டவர் விழுந்தால் உன் சென்சார் பேசாது, பலகையை டார்ச் அடித்துப் பார்க்கலாம். சென்சார் சரியாகச் சொல்கிறதா என்று சோதிக்கவும் அதுதான் உதவும்.

ஆத்தங்கரை கேட்ட கேள்விக்கு வருகிறேன். கன அடியைப் படியாக மாற்ற வழி உண்டு, ஆனால் அதை யாரும் உங்களுக்கு வெளியிலிருந்து தர முடியாது. ஆற்றில் மணல் அள்ளின இடத்தில் ஒரு கணக்கு, மண் மேடிட்ட இடத்தில் வேறு கணக்கு. நீங்களே எழுதி எடுக்க வேண்டும். மத்திய நீர் ஆணையம் உங்களுக்கு மேலே ஆற்றங்கரையில் உள்ள முறப்பநாட்டில் மட்டம் எடுக்கிறது. ஆற்றில் புதுத்தண்ணீர் வரும்போதெல்லாம், சின்ன வெள்ளமாக இருந்தாலும், அங்கே என்ன மட்டம், எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் படித்துறையில் அந்தத் தண்ணீர் எத்தனை மணிக்கு எந்தப் படியைத் தொட்டது என்று பக்கத்தில் எழுதுங்கள். ஐந்தாறு வெள்ளம் எழுதிவிட்டால் இரண்டு விஷயம் கையில் கிடைக்கும்: அங்கே இவ்வளவு என்றால் இங்கே எந்தப் படி, அங்கிருந்து இங்கே வர எத்தனை மணி நேரம். பெரிய வெள்ளத்துக்குக் காத்திருக்காதீர்கள், சின்ன வெள்ளத்தில்தான் இதைப் பழக முடியும்.

மழைக்கு, அடியும் வாயும் ஒரே அகலமுள்ள ஒரு டப்பாவை மொட்டைமாடியில், மரமோ சுவரோ மறைக்காத இடத்தில் வையுங்கள். ஒவ்வொரு மணிக்கும் ஸ்கேலால் அளந்து, எழுதி, கொட்டிவிட்டு மறுபடி வையுங்கள். ஒரு மணி நேரத்தில் 5 செ.மீ. ஏறியது, அடுத்த மணியிலும் அப்படியே என்றால் ஆற்றைப் பார்க்கப் போகாதீர்கள், குளத்தைப் பாருங்கள்.

குளத்தில் மறுகால் எத்தனை கல் உயரம் பாய்கிறது என்பதைவிட முக்கியமான ஒன்று உண்டு. கரைக்கு வெளிப்பக்கம் ஈரம் கசிகிறதா, கசிகிற தண்ணீர் தெளிவாக வருகிறதா, கலங்கலாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். கலங்கல் என்றால் கரை உள்ளே அரிக்கிறது. அதைக் கண்டால் கோடு, படி எதையும் பார்க்க வேண்டாம், ஊரை எழுப்புங்கள். 2023-இல் கோரம்பள்ளம் குளம் உடைந்து தூத்துக்குடி பட்ட பாட்டை நாம் பார்த்தோம். உங்கள் ஊரில் குளத்துத் தண்ணீரை வயலுக்குப் பாய்ச்சுகிற வேலை பார்த்த பழைய நீர்பாய்ச்சி யாராவது இருந்தால் அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள். கரையில் எந்த இடம் பலவீனம் என்று அவர் காலுக்குத் தெரியும்.

ஆத்தங்கரை எழுதியது:

ஐயா, நன்றி. நேற்று ஞாயிறு, செய்துவிட்டோம்.

படித்துறையில் 2023 வெள்ளம் தொட்ட இடம் தெரியவில்லை, எல்லாம் முங்கிப் போயிருந்தது. ஆனால் தெரு முனை வீட்டுச் சுவரில் சேற்றுக் கறை இன்னும் இருக்கிறது, அந்த வீட்டு அண்ணாச்சி வெள்ளையடிக்காமலே விட்டிருக்கிறார். அதை அளந்து மின்கம்பத்தில் சிவப்புக் கோடு போட்டோம், என் நெஞ்சுக்கு வந்தது. அதற்கு மூன்று அடி கீழே மஞ்சள். மஞ்சளைத் தொடுவதற்கு முன்பே செவிலி அக்கா சொன்ன பட்டியல் ஆட்கள் மேட்டில் இருக்க வேண்டும். எங்கள் தெருவில் அப்படி 9 பேர், ஒவ்வொருவருக்கும் இரண்டு ஆள் பெயர் எழுதியாகிவிட்டது. மேல்குளத்து ஊரில் இரண்டு பேர் போன் எண் கொடுத்திருக்கிறார்கள். போன் இல்லாவிட்டால் கோயில் மணி, அதுவும் கேட்காத பக்கத்துக்குப் பள்ளிவாசல் மைக், பேட்டரியில் ஓடுமாம். கரண்ட் கம்பி அறுந்தால் டிரான்ஸ்பார்மரை நிறுத்த யாரைக் கூப்பிடுவது என்றும் எழுதியிருக்கிறோம்.

நீர்பாய்ச்சித் தாத்தாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. பைக்கில் உட்கார வைத்துக் குளத்துக்கரைக்குக் கூட்டிப் போனோம். இறங்கி மெதுவாக நடந்து, மடைக்குக் கிழக்கே ஒரு இடத்தில் நின்று கம்பால் குத்திக் காட்டினார். மண் பொதபொதவென்று உள்ளே போனது. நூறு மூட்டை மணல் வேண்டும் என்றார். சாக்குப் பை 60 சேர்ந்திருக்கிறது. வரும் ஞாயிறு காலை 6 மணிக்கு அங்கே மணல் நிரப்புகிறோம், பக்கத்து ஊர்க்காரர்கள் மண்வெட்டியோடு வந்தால் உதவியாக இருக்கும்.

கொண்டல் எழுதியது:

இங்கிருந்து ஆறு பேர் வருகிறோம். பழைய வலைச் சாக்கு ஐம்பது கொண்டு வருகிறேன்.